பையன் எவ்வளவு வாங்குகிறான்?

கோல் மார்க்கெட்டில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஒன்றுதான். பையன் சாஃப்ட்வேரா, எவ்வளவு வாங்குகிறான்? ராத்திரி கண்விழித்துச் சொந்தமாக ஒரு வெப்சைட் கட்டினான் என்றால் மட்டும், "வேலையத்த வேலை, அந்த நேரத்தில் ஆன்சைட்டுக்கு ட்ரை பண்ணலாமே" என்று நக்கல்.

உமர்தம்பியைத் தெரியுமா உங்களுக்கு? அதிராம்பட்டினத்துக்காரர், துபாயில் வேலை பார்த்தவர். 'தேனீ' என்ற யூனிகோட் எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். விண்டோஸ் 98 காலத்தில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து இறங்கும்படி செய்தார் மனுஷர். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இருந்தால் போதும், எதையும் நிறுவாமலே படிக்கலாம். 2006 ஜூலை 12-ல் காலமானார்.

பேங்க்காரன் கணக்குப்படி அவருக்கு வரவு பூஜ்யம். அப்படிப் படித்த நாமெல்லாம் கடன்காரர்கள். (வட்டிகூடக் கட்டவில்லை!)

பையன் சம்பளத்தை விசாரிக்கிறவர்கள் அவன் சைட்டையும் ஒருதரம் திறந்து பாருங்கள் ஐயா. இலவச இடத்தில் வைத்திருந்தால் டொமைன் பணத்தை நீங்களே கட்டுங்கள். 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை இழுத்து மூடியபோது, எத்தனை பேர் கைப்படக் கட்டிய பக்கங்கள் அதோடு போயின!