எட்டயபுரம் உளுந்துக்கும் சூரிச்சுக்கும் என்ன சம்பந்தம்? மறுகாப்பீடு: ஓர் எளிய விளக்கம்

எட்டயபுரம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் புரட்டாசி என்றால் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம் விதைப்பு. எல்லாமே மானாவாரி. மழை பொய்த்தாலும் போச்சு, கொட்டித் தீர்த்தாலும் போச்சு. அதனால்தான் விதைத்த கையோடு அடங்கலை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ போய்ப் பயிர்க் காப்பீட்டு பிரீமியம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது?

பிரீமியம் யாருடைய பணம்?

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. ரபி பருவ உளுந்துக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5%. அதாவது, ரூ.10,000-க்கு ரூ.150. காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முழு பிரீமியம் பெரும்பாலும் இதைவிட அதிகம். மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. ஆக, அதில் உங்கள் வரிப்பணமும் இருக்கிறது.

மறுகாப்பீடு எதற்கு?

ஊரிலுள்ள எல்லா பைக்கும் ஒரே நாளில் விபத்தில் சிக்காது. அந்தக் கணக்கில்தான் பைக் இன்ஷூரன்ஸ் ஓடுகிறது. பயிர் அப்படியில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டமே வெள்ளக்காடானது. இப்படி ஒரே நேரத்தில் எல்லோரும் இழப்பீடு கேட்டால் ஒரு நிறுவனம் தனியாகத் தாங்காது. அதனால் அதுவும் தனக்கு ஒரு காப்பீடு எடுத்து வைக்கிறது. அதுதான் மறுகாப்பீடு.

இந்தியாவில் இதற்கான பெரிய நிறுவனம், 1972-ல் உருவான ஜிஐசி ரீ. தலைமையகம் மும்பை, பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசிடம். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ எல்லா பாலிசியிலும் 4% பங்கை இதனிடம் கட்டாயம் தர வேண்டும். அதற்கு மேல் தனித்தனி ஒப்பந்தம். ஜெர்மனியின் மியூனிக் ரீ, சூரிச்சின் ஸ்விஸ் ரீ ஆகியவற்றுக்கும் இங்கே கிளைகள் உண்டு. 1861-ல் கிளாரஸ் என்ற சுவிஸ் நகரம் தீயில் அழிந்தபோது கிடைத்த பாடத்தில், 1863-ல் பிறந்ததுதான் ஸ்விஸ் ரீ.

இதனால் கிராமத்துக்கு என்ன?

மறுகாப்பீட்டு நிறுவனம் தயங்கினால் பிரீமியம் ஏறும். இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனமே டெண்டருக்கு வராது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் அதுதான் நடந்தது. இழப்பீடு பிரீமியத்தில் 110%-ஐத் தாண்டினால் மீதியைத் தானே தருவதாக மாநில அரசு 2020-ல் ஒப்புக்கொண்ட பிறகே அங்கே திட்டம் ஓடியது. அரசே மறுகாப்பீட்டு நிறுவனம் ஆனது மாதிரிதான்.

இழப்பீடு தாமதமாவதற்கு மறுகாப்பீட்டைக் குறை சொல்வது சரியல்ல. அறுவடைப் பரிசோதனை விவரமும் அரசுகளின் மானியப் பங்கும் நேரத்துக்கு வராததே பெரிய காரணங்கள். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. சர்வே எண், விதைத்த பரப்பு, வங்கிக் கணக்கு என்று விவசாயியிடம் எல்லா விவரமும் கேட்கிறார்கள். ஆனால் அவருடைய ரிஸ்க் கடைசியில் யார் தலையில் இருக்கிறது என்பது அவர் கையிலுள்ள ரசீதில் இருக்காது.

ஒப்பந்தத்தின் விலை வியாபார ரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் தமிழ்நாட்டில் ஒவ்வொரு நிறுவனமும் எவ்வளவு பிரீமியம் வாங்கியது, அதில் எவ்வளவு மறுகாப்பீட்டுக்குப் போனது, எவ்வளவு இழப்பீடாகத் திரும்பியது என்ற மூன்று எண்களைப் பருவம் முடிந்ததும் வெளியிடுவதில் என்ன சிரமம்? வரிப்பணத்தில் ஓடும் திட்டத்தில் இந்தக் கணக்கைக் கேட்க எட்டயபுரத்து விவசாயிக்கும் உரிமை உண்டு, உங்களுக்கும் உண்டு.