பதினெட்டு வயதில் ‘பெரியவர்’!

ஜப்பானின் எந்த நடுத்தர நகரத்திலும் மாலை நேரத்தில் இவர்களைப் பார்க்கலாம். இரண்டு இளைஞர்கள், இரண்டு சைக்கிள்கள். வெள்ளைச் சட்டை, டை, தலையில் ஹெல்மெட், முதுகில் பை. சட்டைப் பையில் ஒரு கறுப்புப் பெயர் அட்டை. முகத்தைப் பார்த்தால் பிளஸ் டூ முடித்த பையன்கள் மாதிரி இருப்பார்கள். பெரும்பாலும் அதுதான் உண்மையும்.

படிக்க வந்தவர்கள் இல்லை, வேலைக்கு வந்தவர்களும் இல்லை. சம்பளம் வாங்காமல், வீட்டுக் காசில், தங்கள் மதத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள். மார்மன் மிஷனரிகள்!

‘மார்மன்’ என்பது வெளியில் இருந்தவர்கள் வைத்த பெயர். இவர்களுடைய வேதங்களில் ஒன்றான ‘மார்மன் புத்தக’த்தை வைத்து வந்தது. ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பதுதான் முழுப் பெயர். 1830ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இப்போது தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. எங்களை முழுப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று 2018ல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. ஆனாலும் ஊர் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது.

அந்தக் கறுப்பு அட்டையில் பையனின் சொந்தப் பெயர் இருக்காது. குடும்பப் பெயர் மட்டும்தான். அதற்கு முன்னால் ‘எல்டர்’ என்று ஒரு பட்டம். பெண்களுக்கு ‘சிஸ்டர்’. எல்டர் என்றால் தமிழில் பெரியவர், மூத்தவர். இன்னும் சரியாக மீசை முளைக்காத பையனுக்கு அந்தப் பட்டம்! சபரிமலைக்கு மாலை போட்டவரை வயது பார்க்காமல் ‘சாமி’ என்று கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி. மாலை போட்டவருக்கு ஒரு மண்டலம் விரதம். இவர்களில் ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம்.

எந்த ஊர் என்று தெரியாது

முன்பெல்லாம் ஆண்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலும் கிளம்பினார்கள். 2012 அக்டோபரில் அந்த வயது வரம்பு 18, 19 என்று குறைந்தது. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு பெட்டி கட்டலாம் என்றானது. இன்று உலகம் முழுவதும் 80,000 பேருக்கு மேல் இந்தப் பணியில் இருக்கிறார்கள். எல்லோரும் அமெரிக்கர்கள் இல்லை. பிலிப்பைன்ஸ், பிரேசில், டோங்கா, நைஜீரியா பிள்ளைகளும் உண்டு.

விண்ணப்பிக்கும்போது ‘எனக்கு பாரிஸ் வேண்டும்’ என்று கேட்க முடியாது. மருத்துவர் சான்று, பல் மருத்துவர் சான்று, சபைப் பெரியவரோடு நேர்காணல் எல்லாம் முடிந்து அனுப்பினால், எங்கே போவது என்று தலைமை முடிவு செய்யும். பக்கத்து மாநிலமாக இருக்கலாம், மடகாஸ்கராகவும் இருக்கலாம். முன்பு தபாலில் வந்த அந்த அழைப்பு 2018லிருந்து இணையத்தில் வருகிறது. தாத்தா பாட்டி, மாமா அத்தை, பள்ளி நண்பர்கள் எல்லோரும் கூடியிருக்க, பிள்ளை அதை உரக்கப் படிப்பது அந்த வீடுகளில் ஒரு வழக்கம். பரீட்சை ரிசல்ட் பார்க்கும் அதே படபடப்பு.

செலவு? மாதத் தொகையைப் பெரும்பாலும் பையனோ அவன் குடும்பமோதான் கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு 400 டாலராக இருந்தது, 2020 ஜூலை முதல் 500 டாலர் ஆனது. விலைவாசி எகிறும் டோக்கியோவுக்குப் போனாலும் சரி, செலவு குறைந்த நாட்டுக்குப் போனாலும் சரி, ஒரே தொகைதான். இதற்காகவே சின்ன வயதிலிருந்து உண்டியலில் சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. முடியாத குடும்பத்துக்கு சபையும் உறவுகளும் கை கொடுக்கும்.

புது மொழி பேசும் நாடென்றால் முதலில் பயிற்சி. யூட்டாவின் புரோவோ நகரத்தில் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. ஜப்பானிய மொழி மாதிரி கடினமானவற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது வாரம். அவ்வளவுதான். ‘பாடம் நடத்துவேன், பிரார்த்தனை செய்வேன், மளிகைக் கடையில் எது உப்பு எது சர்க்கரை என்று தெரியாமல் நிற்பேன்’ என்கிற அளவு மொழியோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

ஆறரை மணி அலாரம்

வழக்கமான கால அட்டவணை இது. காலை 6:30க்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளியல், காலை உணவு. 8 மணிக்குத் தனியாக வேதப் படிப்பு, பிறகு ஜோடியாகப் படிப்பு, மொழிப் பாடம். 10 மணி வாக்கில் வெளியே கிளம்பினால் இரவு 9 மணிக்கு வீடு. மறுநாள் திட்டத்தை எழுதிவிட்டு 10:30க்கு விளக்கணைக்க வேண்டும். நாட்டுக்கு நாடு இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள 2017ல் அனுமதி கிடைத்தது. ஆனால், மொத்தத்தில் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். சினிமா கிடையாது. காதல் கிடையாது. செல்போன் உண்டு, ஆனால் வேலைக்கு மட்டும்.

வெளியே என்ன வேலை? கதவு தட்டுவது, தெருவில் பேச்சுக் கொடுப்பது, இப்போது சமூக வலைதளங்களிலும் ஆள் தேடுவது. ஜப்பானில் இன்னொன்றும் உண்டு. சபைக் கட்டடங்களில் இலவசமாக ஆங்கிலம் பேசக் கற்றுத்தருவார்கள். மதம் வேண்டாம், ஆங்கிலம் மட்டும் போதும் என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் வகுப்பு உண்டு.

கதவு தட்டுவதுதான் கஷ்டம். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஆனால், அங்கே யாரும் முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்துவதில்லை. ‘கெக்கோ தேசு’ என்பார்கள். பக்குவமாகச் சொல்லும் ‘வேண்டாங்க’. புதிதாக வந்த பையன் முதல் வாரத்திலேயே சரளமாகப் புரிந்துகொள்ளும் ஜப்பானிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். திட்டினாலாவது கோபம் வரும். குனிந்து வணங்கி வேண்டாம் என்றால் என்ன செய்வது? இவனும் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கேயாவது ஒரு பாட்டி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால் அடுத்த சோதனை. விருந்தாளிக்கு முதலில் வருவது கிரீன் டீ. 1833லிருந்து இந்தச் சபையில் ஓர் உணவு விதி இருக்கிறது. மது, புகையிலை, காபி, டீ எதுவும் கூடாது. கிரீன் டீயும் அதில் அடக்கம். நம் வீட்டில் வந்தவர் காபியைத் தொடாமல் எழுந்துபோனால் மனசு எப்படி இருக்கும்? அந்தப் பாட்டிக்கும் அப்படித்தான். அதை ஒன்பது வாரம் படித்த மொழியில், அவர் மனம் நோகாமல் விளக்க வேண்டும். நல்ல வேளையாக ஜப்பானில் பார்லியை வறுத்துக் கொதிக்கவைத்த ‘முகிச்சா’ என்றொரு பானம் உண்டு. தேயிலை சேராது. விஷயம் தெரிந்த வீடுகளில் அது வந்துவிடும். இரண்டு பக்கமும் நிம்மதி.

24 மணி நேரமும் ஒருவர்

இவர்கள் எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் இருப்பார்கள். குளியலறை தவிர எங்கேயும் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் பார்வையில், ஒருவர் பேச்சு கேட்கும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். அந்த ஜோடியையும் இவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கும் மிஷன் தலைவர் முடிவு செய்வார். வழக்கமாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும். ஜோடியும் மாறலாம், ஊரும் மாறலாம்.

கதவுக்குப் பின்னால் இருக்கிறவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பாத்திரம் கழுவாத ஜோடியோடு ஆறு வாரம் போக வேண்டும்! ஒருவன் பண்ணையில் வளர்ந்தவன், ஒருவன் நகரத்துப் பையன். ஒருவனுக்கு இங்கே வந்ததில் உற்சாகம், இன்னொருவன் அப்பாவின் முகத்துக்காக வந்தவன். ஒருவனுக்கு வீட்டு நினைப்பில் தூக்கம் வராது. கோபித்துக்கொண்டு வெளியே நடந்துவிடவும் முடியாது, மற்றவனும் கூடவே வர வேண்டும். சண்டை போட்டு, பேசாமல் இருந்து, பிறகு பேசித்தான் ஆக வேண்டும். கல்யாணமான பிறகுதான் அந்தப் பாடம் எவ்வளவு உதவியது என்று தெரிந்தது என்று சொல்லிச் சிரிக்கும் முன்னாள் மிஷனரிகள் நிறைய.

வாரத்தில் ஒருநாள் கொஞ்சம் மூச்சு விடலாம். பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைப்பது, முடி வெட்டுவது, மளிகை வாங்குவது, ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அன்றைக்குத்தான். வீட்டுக்குப் பேசுவதும் அன்றைக்குத்தான். 2019 பிப்ரவரி வரை அதுவும் கிடையாது. வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். குரல் கேட்பது வருடத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரா வாரம் வீடியோவில் பேசலாம். ஜப்பானில் திங்கள் காலை எட்டு மணி என்றால் யூட்டாவில் ஞாயிறு சாயங்காலம். ‘சாப்பிட்டாயா, ஏன் இளைத்துவிட்டாய்?’ இந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

இரண்டு வருடம் உழைத்து எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று கேட்டால், ஜப்பான் மாதிரி நாடுகளில் விரல் விட்டு எண்ணலாம். யாரையும் சேர்க்காமல் திரும்புகிறவர்களும் உண்டு.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. ஹீபர் ஜே. கிரான்ட் தலைமையில் நான்கு பேர் 1901 ஆகஸ்டில் யோகோஹாமாவில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஆல்மா டெய்லர். அப்போது அவருக்கு 19 வயதுகூட ஆகவில்லையோ ஆனதோ என்கிற பருவம். ஊருக்குத் திரும்பியது 1910ல்! அதற்குள் மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்து 1909ல் அச்சேற்றியிருந்தார். இத்தனைக்குப் பிறகும் 1924ல் சபை அந்த மிஷனையே மூட வேண்டி வந்தது. 23 வருடத்தில் சேர்ந்தவர்கள் இருநூறு பேரைக்கூட எட்டவில்லை. மறுபடி திறந்தது போருக்குப் பிறகு, 1948ல். ஆசியாவிலேயே இவர்களுடைய முதல் கோயில் 1980ல் எழுந்தது அதே ஜப்பானில், டோக்கியோவில்.

நம் சென்னைக்கும் 1853லேயே ரிச்சர்டு பாலன்டைன் என்ற மார்மன் மிஷனரி கப்பலில் வந்தார். ஒரு வருடம் போராடிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மதம் மாற்றப் போகிறவர்கள் என்றாலே நம் ஊரில் புருவம் உயரும். கிறிஸ்தவ சபைகளிலேயே பல, இவர்களுடைய கொள்கைகளை ஏற்பதில்லை. அந்த விவாதம் இருக்கட்டும். இந்தப் பயணத்தில் மாறியவர்கள் யார் என்று பார்த்தால், அதிகம் மாறியது அனுப்பப்பட்ட பிள்ளைகள்தான். பிற்காலத்தில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி 1966லிருந்து 68 வரை பிரான்ஸில் மிஷனரியாக இருந்தவர். அங்கே அவர் ஓட்டிய காரின் மீது வேறொரு கார் மோதியதில் மிஷன் தலைவரின் மனைவி இறந்தார். ராம்னியே இறந்துவிட்டதாக முதலில் கருதினார்கள். அப்போது அவருக்கு வயது 21. தைவானில் கதவு தட்டி சீன மொழி கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன், பின்னாளில் சீனாவுக்கே அமெரிக்கத் தூதரானார். ஜப்பானில் மிஷனரியாக இருந்த கென்ட் கில்பர்ட், பிறகு அந்த நாட்டு டி.வி.யில் பிரபல முகமானார்.

பாதியில் திரும்பினால்?

இவர்கள் பேசப்படுகிறவர்கள். பேசப்படாதவர்களும் உண்டு. உடம்பு முடியாமல், மனச்சோர்வு தாங்காமல், அல்லது நம்பிக்கையே ஆட்டம் கண்டு ஆறு மாதத்தில் திரும்பும் பிள்ளைகள். இந்தச் சபையில் ஆண்பிள்ளை மிஷன் போவது கடமை மாதிரி. பெண்களுக்கு விருப்பம். முழுதாக முடித்து வருகிறவனுக்கு விமான நிலையத்தில் பலூன், பேனர், மொத்தக் குடும்பம். பாதியில் வருகிறவனுக்கு? ‘ஏன் வந்துவிட்டான்?’ என்ற கிசுகிசு. ஊர் கேட்காவிட்டாலும் அவன் காதில் அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

சமீப வருடங்களில் சபையின் மூத்த தலைவர்களே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். உடல், மனநலக் காரணத்தால் திரும்பியவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை என்கிறார்கள். வெளியூர் வாழ்க்கை ஒத்துவராதவர்கள் வீட்டிலிருந்தபடியே மருத்துவமனை, உணவு வங்கி போன்ற இடங்களில் சேவை செய்யவும் வழி இருக்கிறது.

விடுதி பிடிக்காமல் முதல் செமஸ்டரிலேயே பெட்டியோடு வந்து நிற்கும் பிள்ளையை நம் வீடுகளும் பார்த்திருக்கின்றன. வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவரை ‘எப்ப திரும்பப் போறீங்க?’ என்று கல்யாண வீட்டில் துளைக்கும் சொந்தங்களும் நமக்கு உண்டு. இரண்டு வருடம் தாக்குப்பிடித்த பிள்ளை தைரியசாலிதான், சந்தேகமில்லை. ‘என்னால் முடியவில்லை, வீட்டுக்கு வருகிறேன்’ என்று போனில் சொல்வதற்கும் தைரியம் வேண்டும். அவனை அழைத்துவரவும் யாராவது விமான நிலையத்துக்குப் போக வேண்டும். பலூன் இல்லாவிட்டால் பரவாயில்லை. சீக்கிரமே போய், அவன் கண்ணில் படுகிற இடத்தில் நின்றால் போதும்.