பிள்ளை மக்கு இல்லை! பெற்றோரே, ஓசையைப் படிங்க!

சாயங்காலம் ஆனால் பல வீடுகளில் ஒரே ரகளை! ஆபீஸ் விட்டு வந்த அப்பா, "சி-ஏ-டி... என்னடா?" என்று அதட்டுகிறார். பையன் "சீயேடீ" என்று முழிக்கிறான். முதுகில் விழுகிறது அடி.

தப்பு பையன் மேல் இல்லை. தமிழில் 'ப', 'ட', 'ம்' என்று எழுத்தைக் கூட்டினாலே 'படம்' வந்துவிடும். எழுத்தின் பெயரே அதன் ஓசை.

ஆங்கிலம் அப்படியல்ல. எழுத்து 26, ஓசையோ சுமார் 44. 'சி' என்பது வெறும் பெயர். அந்தச் சொல்லில் அதன் ஓசை 'க்'. ஓசைகளைக் கூட்டினால்தான் 'கேட்' வரும், அதாவது பூனை!

இதுதான் 'போனிக்ஸ்'. இங்கிலாந்தில் 2012 முதல் சின்னப் பிள்ளைகளிடம் 40 சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அதில் 20 அர்த்தமே இல்லாத சொற்கள். மனப்பாடம் பலிக்காது!

தமிழ் மீடியத்தில் படித்த பெற்றோர் பயப்பட வேண்டாம். இங்கிலீஷ் பேசத் தெரியணும் என்பதில்லை. ஓசைகளை டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, தினம் 10 நிமிஷம் பிள்ளையோடு உட்கார்ந்தால் போதும். சில சொற்கள் முரண்டு பிடிக்கும். அவற்றை மட்டும் மனதில் வைத்தால் சரி.

டியூஷனுக்குக் கொட்டும் பணம் மிச்சமாகலாம். 'மக்கு' என்ற பட்டம் ஒட்டிவிட்டால் லேசில் போகாது.

பெற்றோர் யோசிப்பார்களா?