சிவப்புப் பேனைக்கு முன்னால் ஒரு கேள்வி

போன வருடம் தரம் 8 பிள்ளைகளிடம் "எங்கள் வீட்டில் ஒரு காலை" என்று எழுதச் சொன்னோம். ஒரு மகன், தன் வாப்பா சுபஹோடு எழும்பித் தேத்தண்ணி ஊற்றி, தங்கச்சிக்குத் தலை பின்னிவிடுவதை எழுதியிருந்தான். உம்மா வெளிநாட்டில். அவன் எழுந்து வாசித்ததும் பின் வாங்கில் சிரிப்பு. "வாப்பா தலை பின்னுறாராம்!"

அன்று நாங்கள் செய்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிரித்தவர்களை அதட்டினோம். பிறகு அவன் கொப்பியில் ர, ற பிழைகளுக்கு வட்டம் போட்டு, "எழுத்துப் பிழை கவனிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தோம். அவ்வளவுதான். அதன்பிறகு அவன் எதை எழுதினாலும் ஐந்து வரிதான். பிழையே இல்லாத ஐந்து வரி.

சிரித்த பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல ஏலாது. அடுத்தவர் எழுத்தைப் பற்றிப் பேச நாம் காட்டிக் கொடுத்தது இரண்டே வழி. முகநூலில் தெரிந்தவர் கவிதை போட்டால் "மாஷா அல்லாஹ், அருமை" என்கிறோம். வாசித்தோமா என்பது வேறு கதை. பிடிக்காதவர் போட்டால் ஆளையே நக்கலடிக்கிறோம். இரண்டிலும் எழுதியவருக்குப் பிரயோசனம் இல்லை.

கலாசாலையில் "பின்னூட்டல்" பற்றிப் படித்தோம், பரீட்சையிலும் எழுதினோம். வகுப்பில் செய்து பார்த்தது அடுத்த தவணையில்தான். நான்கு நான்கு பேராக இருத்தினோம். எழுதியவர் வாசிப்பார். கேட்பவர்கள் முதலில் மனதில் நின்ற ஒரு வசனத்தைச் சொல்ல வேண்டும். பிறகு விளங்காத இடத்தில், இன்னும் அறிய விரும்பும் இடத்தில், ஒரு கேள்வி. எழுத்தைப் பற்றித்தான் பேச்சு; ஆளைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ இல்லை. எழுதியவர் உடனே மறுத்துப் பேசாமல் குறித்துக்கொள்வார். பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால் விடலாம். எதை மாற்றுவது என்பது அவருடைய முடிவு. எழுத்துப் பிழை கடைசியில்.

அந்த மகன் பழைய கொப்பியையே கொண்டுவந்து வாசித்தான். ஒரு மகள் கேட்டாள்: "உம்மா போன அண்டைக்கி நீ எங்க நிண்ட?"

அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். உம்மா ஏறிய வேனுக்குப் பின்னால் சந்தி வரைக்கும் சைக்கிளில் போனதை எழுதியிருந்தான். அதிலும் ர, ற பிழை இருந்தது. இந்தமுறை "எங்க பிழை எண்டு பார்த்துச் சொல்லு" என்று அவனே அவளிடம் கேட்டான்.

ஒரு பெற்றார் வந்து, "பிள்ளையள் பிள்ளையளத் திருத்துறதெண்டா டீச்சர்மார் என்னத்துக்கு?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு பாடவேளையில் ஒரு ஆசிரியர் 38 கொப்பிகளில் பிழைக்கு வட்டம் போடுவதே பெரும்பாடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்மையாகக் கேட்கும் மூன்று காது வேண்டும். அதை வகுப்புத்தான் கொடுக்க முடியும். அந்தக் காதுகளைப் பழக்குவது எங்கள் வேலை. நமது கல்முனைப் பக்கத்தில் நீலாவணனும் எம்.ஏ. நுஃமானும் ஆசிரியர்களாக இருந்துகொண்டே கவிதை எழுதியவர்கள். அப்படிப்பட்ட மண்ணில், இன்று தமிழ்மொழித் தினப் போட்டி வந்தால் கட்டுரையை நாமே எழுதிப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். வலயத்தில் முதலிடம் வருகிறது. பிள்ளையின் சொந்த வசனம் ஒன்றுகூட அதில் இல்லை.

பொய்ப் பாராட்டும் வேண்டாம். "நல்லா இருக்கு" என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, முதல் குறை சொன்னவரோடு கோபித்துக்கொள்ளும். குறை சொல்லத்தான் வேண்டும். ஆனால் முழுக்க வாசித்தவர் சொன்னால்தான் பிள்ளை அதை ஏற்கும்.

பெற்றாரிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளை கொப்பியைக் காட்டினால் பேனையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். "இந்த இடத்தில் பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பிழையை நாளைக்குத் திருத்தலாம்.