'அடிப்படை அம்சம்' எது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு 'மாற்றம்' என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறது: வாகனத்தின் கட்டமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படை அம்சத்தை வேறாக்கிவிடுவது. ஆனால் 'அடிப்படை அம்சம்' எது என்பதை அப்பிரிவு சொல்வதில்லை. விளக்கப்படாத இன்னொரு சொல்லைக் கைகாட்டி ஒரு சொல்லை விளக்குவது அகராதிக்காரர்கள் நன்கறிந்த குறை. அகராதியில் அது வாசகரின் எரிச்சலோடு முடிந்துபோகும். சட்டத்திலோ ஒருவருடைய வண்டியே அதை நம்பி நிற்கிறது.

இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பெரும்பாலும் வாங்கப்பட்டதன்று, ஆண்டுக்கணக்கில் ஆக்கப்பட்டது. ஃபியட் பாலியோ 1.6, ஹோண்டா சிட்டி விடெக், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஆகியவை குடும்பக் கார்களின் உடலுக்குள் துடிப்பான எஞ்சினை வைத்துக்கொண்டு இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஓடியவை. அவற்றைப் பழைய வண்டியாக வாங்கிக் காப்பவர்கள் முதலில் டயரை மாற்றுவார்கள். பிறகு பிரேக், அதன்பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். எஞ்சினில் கைவைப்பது கடைசியாகத்தான். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வேகம் 100 கிலோமீட்டரிலிருந்து 140-க்கு ஏறும்போது, வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அவ்வளவும் வெப்பமாகி டிஸ்க்கில் இறங்கும். நிற்கத் தெரியாத வண்டிக்கு ஓடும் வலிமையைக் கூட்டக்கூடாது என்பது நல்ல மெக்கானிக்குகளின் பாலபாடம். (அதைச் சொல்லித்தரும் பாடத்திட்டம் எதுவுமில்லை, கிரீஸ் படிந்த கைகளே அதற்குப் பேராசிரியர்கள்.)

கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்பளித்தது: பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி எந்த வாகனத்தையும் மாற்றக்கூடாது. அதே ஆண்டுச் சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளும் தெருவையே அதிரவைக்கும் சைலன்சர்களும் பெருகிய நாட்டில் இக்கடுமைக்கு நியாயம் உண்டு.

கோளாறு அந்தக் கடுமை விழும் இடத்தில் இருக்கிறது. டர்போ எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியில் மென்பொருளை மாற்றினால் திறன் கணிசமாகக் கூடும். கட்டமைப்பில் ஒரு திருகும் அசைந்திராது, சான்றிதழில் உள்ள கொள்ளளவும் மாறியிராது. அந்தக் கூடுதல் வேகத்தைத் தாங்க மாட்டப்பட்ட பெரிய டிஸ்க்கோ சக்கரத்தின் இடைவெளி வழியே யார் கண்ணுக்கும் தெரியும். வேகத்தைக் கூட்டியவர் தப்பலாம், நிறுத்தும் வலிமையைக் கூட்டியவர் மாட்டலாம். பெட்ரோல் எஞ்சினை இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற இதே பிரிவு வழிவிடுகிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும்; எரிபொருளைவிட அடிப்படையானது வேறென்ன?

ஜெர்மனியில், மாட்டிய பாகத்தின் சோதனை அறிக்கையோடு வண்டியைத் தகுதிபெற்ற பரிசோதகரிடம் காட்டி, மாற்றத்தை வண்டியின் ஆவணத்திலேயே பதிந்துகொள்ளலாம். இங்கும் வேண்டியது அப்படியொரு வாயில்தான். 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் குலையாத வண்டிகளுக்கே உதவும். தனியார் காரின் பதிவோ பதினைந்தாம் ஆண்டில் காலாவதியாகி, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். ஐம்பதை எட்டுவதற்குள் ஏழு முறை அந்த வரிசையில் நிற்கவேண்டும். எஞ்சினில் கைவைத்திருந்தால் எட்டியும் பயனில்லை.

ஆகவே சோதனைக்கு முதல்நாள், பரணிலிருந்து பழைய ஸ்பிரிங்குகளும் சிறிய டிஸ்க்குகளும் இறங்குகின்றன. வண்டி தகுதி பெற்றுத் திரும்பியதும் அவை மறுபடியும் பரணுக்கே போகின்றன.