பள்ளிக்கூடத்தில் ஒரு வானொலி செய்யலாமே

பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் வானொலி ஏற்பியின் கட்டப்படத்தை வரைந்து காட்டிவிடும். ஆண்டெனா, பெருக்கி, பண்பிறக்கம், ஒலிபெருக்கி என்று வரிசையாகக் கட்டம் போட்டு அம்புக்குறி இடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதில் ஒரு கட்டத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள், விழிக்கும். பாவம், படத்தை மட்டும்தானே பார்த்திருக்கிறது! நம் கீழ்பென்னாத்தூர் அரசுப் பள்ளியில் அந்தக் கட்டப்படத்தையே பேச வைக்கலாம், பெரிய செலவும் இல்லை என்பது என் கட்சி.

ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். ஒரு வருடமாக வீட்டில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதற்கு மென்பொருள் வானொலி என்று பெயர். ஐரோப்பாவில் டிஜிட்டல் டிவி பார்ப்பதற்கென்று செய்த, விரல் அளவு யூ.எஸ்.பி. கருவி ஒன்று உண்டு. அதிலுள்ள ரியல்டெக் சில்லு, வானலையை அப்படியே எண்களாக்கிக் கணினிக்குத் தரும் என்று 2012-ல் ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். இன்று அது சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. மற்ற வேலையை 2001-ல் எரிக் பிளாசம் தொடங்கிய குனூ ரேடியோ என்ற இலவச மென்பொருள் செய்கிறது.

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. திரையில் பெட்டிகளை எடுத்து வைத்து, மவுஸால் கோடு இழுத்து இணைத்தால் போதும். தபால் பிரிவில் வந்த கடிதம் உதவியாளர், கண்காணிப்பாளர், அதிகாரி என்று மேசை மேசையாகப் போகுமே, அதே மாதிரிதான். முதல் பெட்டி கருவியிடமிருந்து விநாடிக்கு 24 லட்சம் எண்களை வாங்குகிறது. அடுத்தது வேண்டிய நிலையத்தை மட்டும் வடிகட்டி, ஐந்தில் ஒன்றாக்கி 4,80,000 ஆகத் தருகிறது. மூன்றாவது பெட்டி அலையிலிருந்து ஒலியைப் பிரித்து, பத்தில் ஒன்றாக்கி 48,000 ஆகத் தருகிறது. கடைசிப் பெட்டி அதை ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. கணக்கு நேராக வரவேண்டும். எங்காவது ஓர் எண் தவறினால் குரல் இழுத்து, விட்டுவிட்டுக் கேட்கும்.

செஞ்சி மலைகளுக்கு அப்பாலிருந்து வரும் புதுச்சேரி எஃப்.எம். என் திரையில் சிறு மேடாகத் தெரியும். வடிகட்டியின் அகலத்தைக் குறைத்தால் இரைச்சல் அடங்கும். இன்னும் குறைத்தால் பாட்டே சிதையும். இதைக் காதால் கேட்ட பிள்ளை, பட்டை அகலம் என்றால் என்னவென்று மனப்பாடம் செய்ய வேண்டாம்.

அந்த மேடு பள்ளங்களைத் திரையில் காட்டும் கணக்குக்கு மூலவர் ஃபூரியே. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெப்போலியன் காலத்தில் கிரெனோபிளில் பிரெஃபேயாக இருந்தவர், நம்மூர் கலெக்டர் மாதிரி. நிர்வாக வேலைக்கு நடுவே வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து, 1822-ல் புத்தகமாக வெளியிட்டார். எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற வழி அதில்தான் வந்தது. அரசு உத்தியோகம் மூளையை மழுங்கடிக்கும் என்பவர்களுக்கு இவரைக் காட்டலாம்.

நம் நாட்டிலும் ஆள் உண்டு. ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல், சாதாரணக் கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களை வைத்தே பிட்எக்ஸ் என்ற அமெச்சூர் வானொலியை வடிவமைத்து, வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். உலகம் முழுக்க வீட்டில் செய்து பேசினார்கள். இப்போது எஸ்பிட்எக்ஸ் என்று மென்பொருள் வானொலியும் செய்திருக்கிறார். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் 2004 சுனாமியை நினைத்துப் பார்க்கட்டும். அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத், தம் அமெச்சூர் வானொலி வழியாகத்தான் அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பினார்.

செல்போனிலேயே எல்லாம் கேட்கிறதே என்பார்கள். கேட்கிறது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. நம் தலைமுறை மர்பி ரேடியோவின் பின்மூடியைக் கழற்றியாவது பார்த்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

மடிக்கணினிக்கு எங்கே போவது என்ற கேள்வியும் வரும். 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் நம் தெருக்களில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. அவற்றில் பலவற்றில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இன்னும் உயிரோடிருக்கும் ஒன்றில் புதிய லினக்ஸ் ஏற்றினால் குனூ ரேடியோ ஓடும்.

ஒரு எச்சரிக்கை. பொது ஒலிபரப்பைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அமெச்சூர் வானொலியில் பேச ஆசைப்பட்டால் மத்திய அரசின் அமெச்சூர் உரிமத் தேர்வு எழுத வேண்டும். 12 வயது நிறைந்தால் எழுதலாம்.

பெற்றோர் ஆசிரியர் கழகமும் பழைய மாணவர்களும் சேர்ந்து ஒரு கருவி வாங்கிக் கொடுக்கட்டும். அதுவரை என்னுடையதைக் கொண்டுவருகிறேன். ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை மதியம் ஒதுக்கித் தந்தால் போதும். ஆண்டெனாவுக்கு மாடியில் ஒரு துண்டு ஒயர் கட்டிக்கொள்ளலாம்.