நூற்றுக்கு நாற்பது

நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. இது மாணவியராகிய நாம் நன்கு அறிந்த கணக்கு. நாம் அதிகம் அறியாத கணக்கு ஒன்றும் நாட்டில் உண்டு. அங்கே எல்லைக்கோடு நாற்பது. அளக்கப்படுவதும் அறிவன்று, உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறைபாடு. மருத்துவச் சான்றிதழில் 40 விழுக்காடு என்றிருந்தால் சலுகைகளின் கதவு திறக்கும். 39 என்றிருந்தால் பெரும்பாலான கதவுகள் மூடியே கிடக்கும்.

ஐக்கிய நாடுகள் சபை 1981ஆம் ஆண்டை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் சென்றே, 1995இல், இவர்களது சம வாய்ப்புக்கென நம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதில் இடம்பெற்றவை ஏழு வகைக் குறைபாடுகளே. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. கற்றல் குறைபாடு உடையோரும், தசைச்சிதைவு நோயுற்றோரும், அமில வீச்சுக்கு ஆளானோரும் அதனுள் வந்தனர். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்கு அரசுப் பணியில் குறைந்தது 4 விழுக்காடும், அரசு உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 விழுக்காடும் இட ஒதுக்கீடு உண்டு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையும் உண்டு.

'எங்கேனும் ஒரு கோடு கிழிக்கத்தானே வேண்டும்?' என்று கேட்கலாம். மெய்தான். கோடே இல்லாவிட்டால் தகுதியற்றோர் முந்திக்கொள்வர். ஆனால் அந்தக் கோடு குறைபாட்டை அளக்குமே தவிர, அதனால் வரும் இடர்ப்பாட்டை அளக்காது. ஒரே அளவு கால் ஊனமுற்ற இரு சிறுமியரை எண்ணிப் பாருங்கள். ஒருத்தியின் வீடு பள்ளிக்கு அடுத்த தெருவில், வகுப்பு கீழ்த்தளத்தில். மற்றவளோ இரண்டு பேருந்து மாறி வந்து, மூன்றாம் மாடி ஏற வேண்டும். சான்றிதழில் இருவருக்கும் ஒரே எண்தான்!

சட்டமும் இதனை உணராமல் இல்லை. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 தேவை. இழிவின்றி நடத்தப்படவும், பள்ளியில் தமக்கேற்ற வசதிகளைப் பெறவும் அச்சட்டம் தரும் உரிமை, எல்லைக்குக் கீழுள்ளவர்க்கும் உரியது. எழுதும்போது விரல்கள் இறுகிப்போகும் நரம்புக் கோளாறு உள்ள ஒரு தேர்வரின் வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. சொல்வதைக் கேட்டு எழுதும் துணையாளரைப் பெற 40 விழுக்காடு கட்டாயமன்று என்பதே அத்தீர்ப்பு.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். 'பெண்பிள்ளையாயிற்றே, நாளை கலியாணப் பேச்சு வரும்போது இந்த அட்டை குறுக்கே நிற்குமே' என்று அஞ்சிச் சான்றிதழே வாங்காத வீடுகள் உண்டு. மறைத்து வைப்பதால் செவி கேட்கப் போவதில்லை. பார்வை தெளியப் போவதில்லை. தேர்வில் கூடுதல் நேரமும், கல்லூரியில் ஓரிடமும், பின்னாளில் சொந்தக் காலில் நிற்கத்தக்க ஒரு வேலையுமே கைநழுவிப் போகின்றன. அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை அவமானச் சின்னமன்று, உரிமைச் சீட்டு.

அப்படியானால் முப்பத்தொன்பதுகாரியின் கதி? அங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. காது மந்தமானவளுக்கு முன் வரிசை; மாடி ஏற இயலாதவளுக்குக் கீழ்த்தள வகுப்பு; எழுத்துகள் இடம் மாறித் தெரிபவளுக்குச் சற்றுப் பொறுமையும், வாய்மொழியாக விடை கூற ஒரு வாய்ப்பும். இவற்றுக்கு எந்த மருத்துவக் குழுவின் முத்திரை வேண்டும்? பக்கத்து இருக்கையில் இருப்பவளின் பையைத் தூக்கிக்கொடுக்க எத்தனை விழுக்காடு வேண்டும்?

அரசு எண்ணைப் பார்த்து உதவட்டும்; அதனால் வேறு வழியில்லை. நாம் ஆளைப் பார்த்து உதவுவோம். வரும் கல்வியாண்டில் வகுப்பறைகள் பிரிக்கப்படும் நாளிலேயே, மாடி ஏற இயலாத தோழி யார், முன் வரிசை யாருக்குத் தேவை என்று கேட்டறிந்து தொடங்குவோமாக!